கதை உத்திகளின் பெயர்கள் குழப்புகின்றன. தெரிந்த ஒரு கதையை வைத்து விளக்குவீர்களா?

மல்லிப்பந்தல் | ஞாயிறு, இரவு 9:12

எல்லோருக்கும் வணக்கம். போன வாரம் ஒரு சிறுகதைப் பட்டறைக்குப் போயிருந்தேன். முதல் தடவையாக என் கதையைப் பத்துப் பதினைந்து பேர் முன்னால் வாசித்தேன். அப்பா இறந்து ஒரு வருடம் கழித்து, அவருடைய தையல் மெஷினை அம்மா விற்பதுதான் கதை. மகள் ‘நான்’ என்று சொல்கிற மாதிரி எழுதியிருந்தேன்.

வாசித்து முடித்ததும் மூன்று கருத்துகள் வந்தன. ‘பார்வைக் கோணம் ஓரிடத்தில் உடைகிறது.’ ‘குறியீடு துருத்திக்கொண்டு நிற்கிறது.’ ‘முன்னுணர்த்தல் இல்லாததால் முடிவு ஒட்டவில்லை.’ தலையை ஆட்டிக்கொண்டே நோட்டில் எழுதிக்கொண்டேன். வீட்டுக்கு வந்து நோட்டைத் திறந்தால் மூன்றுமே புரியவில்லை. தேடிப் பார்த்தால் ஒவ்வொன்றுக்கும் ஒருவரி விளக்கம் கிடைக்கிறது. குறியீடு என்பது ஒன்றைக் கொண்டு மற்றொன்றை உணர்த்துவதாம். சரி, உவமையும் அதைத்தானே செய்கிறது?

நான் படித்தது கணிதம். பழைய இலக்கியத்தில் எனக்கு ஒழுங்காகத் தெரிந்த ஒரே கதை சிலப்பதிகாரம்தான். பள்ளியில் வழக்குரை காதையை, அதாவது கண்ணகி பாண்டியனிடம் நீதி கேட்கிற பகுதியை, மேடையில் நடித்தோம், நான்தான் வாயிற்காவலன். அந்தக் கதையை வைத்து யாராவது விளக்கினால் எனக்குப் பிடிபடும் என்று தோன்றுகிறது. பொறுமையாகச் சொல்லித் தந்தால் நன்றியோடு இருப்பேன்.


தாழைமடல் | ஞாயிறு, இரவு 10:40

அம்மா மல்லிப்பந்தல், முப்பது வருடத்துக்கு மேல் தமிழ் வகுப்பு எடுத்தவன் நான். நீங்கள் சரியான கதையைத்தான் கேட்டிருக்கிறீர்கள். உத்திகளின் பெயர்களை முதலில் படித்துவிட்டுக் கதைக்குள் தேடப் போனால் ஒன்றும் அகப்படாது. கதையில் எங்கே நெஞ்சு அடைத்தது என்று பாருங்கள், அந்த இடத்துக்கு ஒரு பெயர் இருக்கும்.

முதலில் கதைக்கும் கதைப்பின்னலுக்கும் உள்ள வித்தியாசம். ஆங்கில நாவலாசிரியர் ஈ. எம். ஃபார்ஸ்டர் 1927-இல் வெளியான தன் விரிவுரை நூலில் ஓர் எடுத்துக்காட்டுச் சொன்னார். அரசன் இறந்தான், பிறகு அரசி இறந்தாள் என்றால் கதை. அரசன் இறந்தான், அந்தத் துயரத்தால் அரசி இறந்தாள் என்றால் பின்னல். முன்னதில் ‘அப்புறம்?’ என்று கேட்போம், பின்னதில் ‘ஏன்?’ என்று கேட்போம். இதை வகுப்பில் சொல்லும்போதெல்லாம் எனக்கு மயிர்க்கூச்செறியும். நீங்கள் நடித்தீர்களே, அந்த வழக்குரை காதையின் முடிவு அப்படியே இதுதான். ‘யானோ அரசன், யானே கள்வன்’ என்று சொல்லிப் பாண்டியன் விழுகிறான். ‘கணவனை இழந்தோர்க்குக் காட்டுவது இல்’ என்று கோப்பெருந்தேவி அவன் காலடியில் விழுகிறாள். கணவனை இழந்த ஒருத்தி எதிரே நிற்கும்போது அந்தச் சொல் வருகிறது. கண்ணகியின் இழப்பை அரசி தன் உடம்பில் அறிந்துகொள்கிறாள். ‘ஏன்’ என்ற கேள்விக்கு அங்கே இரண்டு விடை ஒன்றாகக் கிடைக்கின்றன.

அடுத்தது முன்னுணர்த்தல், பின்னால் வரப்போவதை முன்பே மறைவாகக் கோடிகாட்டுவது. நூலின் பெயரே சிலம்பு. அந்தச் சிலம்பை இளங்கோ எங்கெங்கே வைத்திருக்கிறார் என்று விரல்விட்டு எண்ணுங்கள்.

நான்காவது காதை, அந்திமாலை. கோவலன் மாதவி வீட்டில் இருக்கிறான். இங்கே கண்ணகி எப்படி இருந்தாள்? ‘அஞ்செஞ் சீறடி அணிசிலம்பு ஒழிய.’ காலில் சிலம்பு இல்லை, கழற்றி வைத்துவிட்டாள். கதையையே திருப்பப் போகிற சிலம்பு நம் கண்ணில் படும்போது கழன்ற சிலம்பாக, இல்லாத பொருளாகப் படுகிறது. பிரிந்தவள் நகை அணியமாட்டாள், அவ்வளவுதானே என்று நாம் தாண்டிப் போய்விடுவோம். தாண்டிப் போக வைப்பதுதான் கெட்டிக்காரத்தனம்.

ஒன்பதாவது காதை. கோவலன் திரும்பி வருகிறான். குலம் சேர்த்து வைத்த செல்வம் எல்லாம் தொலைந்தது, நாணமாக இருக்கிறது என்கிறான். மாதவிக்குக் கொடுக்கப் பொருள் இல்லாமல் தவிக்கிறான் போலும் என்று கண்ணகி நினைத்துக்கொள்கிறாள். சிரித்த முகம் காட்டி ‘சிலம்பு உள கொண்ம்’ என்கிறாள். சிலம்பு இருக்கிறது, எடுத்துக்கொள்ளுங்கள். அவ்வளவுதான் பேச்சு. இத்தனை நாள் எங்கே போனீர்கள் என்ற கேள்வி இல்லை, அழுகை இல்லை. எல்லாம் அந்தச் சொற்களுக்கு அடியில் கிடக்கிறது. இதை உட்பொருள் என்பார்கள். பாத்திரம் பேசுவது ஒன்று, பேச்சுக்குக் கீழே ஓடுவது வேறொன்று.

பதினாறாவது காதையில் கோவலன் ‘சிலம்பில் ஒன்றை எடுத்துக்கொண்டு போய் விற்று வருகிறேன்’ என்று கிளம்புகிறான். இரண்டையும் கொண்டு போயிருந்தால் கண்ணகியிடம் சான்று இல்லை, வழக்கு இல்லை, இருபதாவது காதையே இல்லை. ஒன்று என்ற சொல் மேலே எவ்வளவு பாரம் ஏறியிருக்கிறது பாருங்கள். முதல் காட்சியில் சுவரில் துப்பாக்கி தொங்கினால் பிறகு அது வெடித்தாக வேண்டும் என்று ருஷ்ய எழுத்தாளர் செகாவ் சொன்னதாக எழுத்துப் பட்டறைகளில் மேற்கோள் காட்டுவார்கள். நமக்குச் சிலம்பு.

உங்கள் கதையில் தையல் மெஷின் எந்தப் பக்கத்தில் முதலில் வருகிறது?


மல்லிப்பந்தல் | ஞாயிறு, இரவு 11:05

ஐயா, கடைசிப் பக்கத்தில். அம்மா விற்கப் போகும்போதுதான் வருகிறது. மூன்றாவது கருத்து இப்போது புரிந்துவிட்டது. நான்காவது காதையை இதுவரை நான் படித்ததே இல்லை, நாளைக்குப் படிக்கிறேன்.


அச்சுக்கோப்பு | திங்கள், காலை 7:30

உவமை, உருவகம், படிமம், குறியீடு பற்றி நான் சொல்கிறேன். பதிப்பகத்தில் மெய்ப்புப் பார்க்கிற வேலை எனக்கு, கவிதைத் தொகுப்புகளின் முன்னுரைகளில் இந்த நான்கையும் ஒன்றுக்கொன்று மாற்றிப் போட்டுத் தினமும் வருகிறது.

முகம் நிலவு போல இருந்தது என்றால் உவமை. முகநிலவு என்றால் உருவகம். இரண்டிலும் ஒரு பொருளைச் சொல்ல இன்னொரு பொருளை வெளியிலிருந்து அழைத்து வருகிறோம். அந்த வரி முடிந்ததும் நிலவு போய்விடும், கதைக்குள் அதற்கு வேலை இல்லை. படிமம் என்பது புலன்களில் பதிகிற சித்திரம், கண்ணில் மட்டும் இல்லை, காதிலும் தோலிலும் கூட. சொன்னதும் நமக்குள் தோன்ற வேண்டும்.

குறியீடு கதைக்குள்ளேயே குடியிருக்கும் பொருள். சிலம்புக்கு விலை உண்டு, அதை விற்கலாம், திருடலாம், உடைக்கலாம். முதலில் அது சிலம்பாகவே இருந்து தன் வேலையைச் செய்கிறது. அப்படி வேலை செய்துகொண்டே இருக்கும்போது, கண்ணகியின் மணவாழ்வும் பாண்டியனின் நீதியும் அதன் மேல் வந்து படிகின்றன. ஆசிரியர் எந்த இடத்திலும் ‘இது நீதியின் அடையாளம்’ என்று சொல்லவில்லை. உடைக்கிறபோது ‘மன்னவன் வாய்முதல் தெறித்தது மணியே’ என்கிறார். சிலம்புக்குள் ஒலிப்பதற்காகப் போடுகிற மணிகள்தான் பரல்: அரசியின் சிலம்பில் முத்து, கண்ணகியின் சிலம்பில் மாணிக்கம். தெறித்த பரல் அரசனின் வாயருகே போய் விழுகிறது, கொன்று அந்தச் சிலம்பைக் கொண்டு வா என்று சொன்ன அதே வாய். இதற்கு மேல் ஆசிரியர் என்ன சொல்ல வேண்டும்?

மல்லிப்பந்தல், உங்கள் கதையில் ‘குறியீடாக’ என்ற சொல்லையே எங்கேயாவது எழுதியிருக்கிறீர்களா? துருத்துகிறது என்று சொன்னார்கள் என்றதும் எனக்கு அந்தச் சந்தேகம்தான் வந்தது.

இன்னொன்று, கேட்காவிட்டாலும் சொல்லிவிடுகிறேன், எனக்கு மிகவும் பிடித்த இடம். கோவலனும் கண்ணகியும் வைகையைக் கடக்கிறார்கள். ஆறு முழுக்கப் பூ மிதக்கிறது. நடக்கப் போவது வைகைக்குத் தெரியும், அதனால் மலர் ஆடையைப் போர்த்திக்கொண்டு கண்ணீரை மறைத்துக்கொண்டாள் என்கிறார். அப்புறம் மதுரைக் கோட்டைக் கொடிகள் காற்றில் ஆடுவது ‘வாரல்’ என்று கைகாட்டுவது போல இருக்கிறதாம், வராதீர்கள் என்று. தண்டியலங்காரம் என்ற பழைய அணியிலக்கண நூலைப் படித்தவர்கள் இதைத் தற்குறிப்பேற்றம் என்பார்கள்: இயல்பாக நடக்கிற ஒன்றின் மேல் கவி தன் மனக்குறிப்பை ஏற்றுவது. ஆற்றில் பூ மிதப்பதும் கொடி ஆடுவதும் அன்றாடம் நடப்பவை. அவற்றில் துக்கத்தை ஏற்றியதும் அதே இடம் முன்னுணர்த்தலாகவும் ஆகிவிடுகிறது. ஒரே வரி இரண்டு வேலை செய்கிறது. பெயர்களைத் தனித்தனி டப்பாவில் போட்டு வைத்தால் இது தெரியாது.


மல்லிப்பந்தல் | திங்கள், காலை 8:10

ஆமாம். ‘அந்தத் தையல் மெஷின் அப்பாவின் நினைவுகளின் குறியீடாக வாசலில் நின்றது.’ அதுதான் என் கதையின் கடைசி வரி.

ஒரு கேள்வி. நேற்று ராத்திரி நூலின் முன்னுரையான பதிகத்திலிருந்து ஆரம்பித்தேன். கோவலன் கொலைப்படுவதும் பாண்டியன் உயிர்விடுவதும் மதுரை எரிவதும் பதிகத்திலேயே சொல்லியாகிவிட்டது. முடிவை முதலிலேயே சொல்லிவிட்டால் பிறகு படிக்க என்ன இருக்கிறது? இதை உத்திப் பிழை என்று சொல்ல மாட்டார்களா?


வாவிக்கரை | திங்கள், பகல் 1:25

நான் மட்டக்களப்புப் பக்கம். இந்தக் கேள்விக்கு எங்கட ஊர்க் கோயிலைத்தான் பதிலாகச் சொல்ல முடியும்.

எங்கள் பகுதியில் கண்ணகி அம்மன் கோயில்கள் நிறைய. வைகாசியில் கதவு திறந்து சடங்கு நடக்கும். அந்த நாட்களில் கண்ணகி வழக்குரை என்ற காவியத்தைக் கோயிலில் ராகம் போட்டுப் படிப்பார்கள். சிலப்பதிகாரம் வேறு, இது வேறு, ஆனால் கோவலனும் கண்ணகியும் சிலம்பும்தான். கடைசியில் குளிர்த்தி பாடுவார்கள், அம்மனின் கோபத்தைத் தணிக்கிற பாட்டு.

சின்ன வயதில் அம்மம்மாவின் மடியில் படுத்துக்கொண்டு கேட்டிருக்கிறேன். கோவலன் சிலம்போடு கிளம்புகிற இடம் வந்ததும் அம்மம்மா என் தலையில் வைத்திருந்த கை அப்படியே நின்றுவிடும். போன வருசமும் கேட்டவர், அதற்கு முந்தின வருசமும் கேட்டவர். என்ன நடக்கும் என்று அங்கே இருக்கிற ஒவ்வொருவருக்கும் தெரியும். தெரிந்ததனால்தான் ‘போகாதே’ என்று மனம் பதைக்கிறது. தெரியாதவனுக்கு அவன் ஒரு நகை விற்கப் போகிற மனிதன், அவ்வளவுதான்.

எதிர்பார்ப்பில் இரண்டு வகை உண்டு என்று நினைக்கிறேன். என்ன நடக்குமோ என்பது ஒன்று. நடக்கப் போவது தெரிந்தும் தடுக்க முடியாமல் பார்த்துக்கொண்டிருப்பது இன்னொன்று. இரண்டாவதை நாடக முரண் என்று படித்தேன்: பாத்திரத்துக்குத் தெரியாதது நமக்குத் தெரிந்திருப்பது. கோவலன் கண்ணகியிடம் ‘மயங்காது ஒழிக’ என்கிறான், கலங்காமல் இரு, மாற்றிக்கொண்டு வந்துவிடுகிறேன் என்று. ஊருக்குப் போகிற எந்தக் கணவனும் சொல்கிற சாதாரணச் சொல். பதிகம் படித்தவருக்கு அந்தச் சொல்லைத் தாங்க முடியாது.


கரிசல்மேடு | திங்கள், இரவு 8:50

எல்லோரும் நன்றாகச் சொல்கிறீர்கள். ஆனால் எனக்கு ஒரு மறுப்பு உண்டு, மல்லிப்பந்தல் போன்றவர்கள் இதையும் யோசிக்க வேண்டும் என்பதால் எழுதுகிறேன்.

மதுரை எவ்வளவு பெரிய ஊர். அங்கே கோவலன் போய் நிற்பது அரசியின் சிலம்பைத் திருடிய அதே பொற்கொல்லனிடம். இன்று ஒரு சிறுகதையில் இப்படி எழுதினால் ‘தற்செயல், நம்ப முடியவில்லை’ என்று திருப்பி அனுப்புவார்கள். இளங்கோ அதற்கு ‘ஊழ்வினை’ என்று காரணம் சொல்லிவிட்டுப் போகிறார். கட்டுரை காதையில் மதுரைத் தெய்வம் வந்து முற்பிறப்புக் கதை சொல்கிறது: முன்பிறவியில் கோவலன் பரதனாகப் பிறந்து சங்கமன் என்ற வணிகனைக் கொல்லக் காரணமானான், அவன் மனைவி நீலி சபித்தாள் என்று. பின்னலில் விழுந்த ஓட்டையை விதியை வைத்து அடைத்ததாகத்தான் எனக்குப் படுகிறது. பழைய நூல் என்பதற்காக இதைச் சொல்லாமல் விடக் கூடாது.


தாழைமடல் | திங்கள், இரவு 10:15

கரிசல்மேடு, நேர்மையான கேள்வி. என்னிடம் படித்த பிள்ளைகளில் நன்றாகப் படிப்பவர்கள்தான் இதைக் கேட்பார்கள்.

பதினாறாம் காதையை மறுபடி எடுத்துப் பாருங்கள். நூறு கொல்லர்கள் பின்னால் வர ஒருவன் வருகிறான். பாண்டியனிடம் சிறப்புப் பெற்ற கொல்லன் இவன்தான் என்று கோவலனே ஊகிக்கிறான். ஊகித்து என்ன கேட்கிறான்? ‘காவலன் தேவிக்கு ஆவதோர் காற்கணி’, அதற்கு விலை போட உன்னால் முடியுமா என்று. அரசி அணியத் தக்க சிலம்பு. அதைச் சாதாரணத் தட்டானிடம் கொடுத்தால் விலை போடத் தெரியாது. அரண்மனைக் கொல்லனிடம்தான் போக வேண்டும். அரசியின் சிலம்பைத் திருட வாய்ப்பு உள்ளவனும் அரண்மனைக் கொல்லன்தான். அவ்வளவு விலையுயர்ந்த சிலம்பு என்பதாலேயே இரண்டு வழியும் ஒரே ஆளிடம் போய் முட்டுகின்றன. இதைத் தற்செயல் என்று என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை.

ஊழைப் பற்றி நீங்கள் சொல்வதில் பாதி எனக்கும் உடன்பாடுதான். நீலியின் சாபம் கடைசியில் ஒட்டவைத்த மாதிரி எனக்கும் தோன்றியிருக்கிறது. ஆனால் கதை ஓடும்போது ஊழ் தனியாக வருவதே இல்லை, ஒரு மனிதத் தவறின் தோளில் ஏறித்தான் வருகிறது. கோவலனும் மாதவியும் கடற்கரையில் பாடிப் பிரிகிற கானல்வரிப் பகுதியின் முடிவில் ஊழ்வினை வந்ததை எப்படிச் சொல்கிறார்? ‘யாழிசைமேல் வைத்து’ என்கிறார். யாழ்ப்பாட்டைச் சாக்காக வைத்து.


இராப்பணி | செவ்வாய், அதிகாலை 2:20

ஆஸ்பத்திரியில் இரவுப் பணி எனக்கு. நோயாளிகள் தூங்கியதும் வாசிக்கிற நேரம். ஐயா கானல்வரி என்றதும் எழுதாமல் இருக்க முடியவில்லை, ஏனென்றால் கதைசொல்லி என்ற சொல்லே எனக்கு அங்கேதான் புரிந்தது.

கடற்கரை. மாதவி கையிலிருந்து யாழை வாங்கிக் கோவலன் பாடுகிறான். சோழன் கங்கையைச் சேர்ந்தாலும் நீ ஊட மாட்டாய், வாழி காவேரி என்கிற மாதிரிப் பாட்டு. வரிப்பாட்டில் பாடுகிறவன் ஒரு வேடம் போடுகிறான். பாட்டுக்குள் ‘நான்’ என்று பேசுபவன் கோவலன் இல்லை, பாட்டுத் தலைவன். மாதவிக்குச் சுருக்கென்றது, இவன் மனத்தில் வேறு யாரோ இருக்கிறாள் என்று. அவள் யாழை வாங்கி ‘தானும் ஓர் குறிப்பினள் போல்’ பாடுகிறாள்.

அந்தப் ‘போல்’ என்ற சொல்லில் விரலை வைத்துக்கொள்ளுங்கள். அவள் மனத்தில் வேறு யாரும் இல்லை. இருப்பது போலப் பாடினாள். இதை இளங்கோ நமக்குச் சொல்கிறார். கோவலனுக்குச் சொல்ல யாரும் இல்லை. அவன் என்ன முடிவுக்கு வருகிறான்? நான் கானல்வரி பாட, இவள் வேறொன்றின் மேல் மனம் வைத்து, ‘மாயப்பொய் பலகூட்டும் மாயத்தாள் பாடினாள்’ என்று. எழுந்து போகிறான்.

பாட்டில் பேசும் பெண்ணையும் பாடிய மாதவியையும் ஒருத்தியாக எண்ணிவிட்டான். கதைசொல்லியை ஆசிரியராக எடுத்துக்கொண்ட வாசகன் அவன். முதலில் அதே பிழையை மாதவி செய்தாள், அதை இவன் திருப்பிச் செய்தான். கதையில் ‘நான்’ என்று எழுதினால் ‘இது உனக்கு நடந்ததா?’ என்று இன்றைக்கும் கேட்கிறார்களே, அதே பிழைதான். அங்கே அது இரண்டு பேரின் வாழ்க்கையைப் பிரித்துவிட்டது.

மாதவி எனக்கு எப்போதும் நெஞ்சில் தைக்கிற பாத்திரம், அதனால் இவ்வளவு நீட்டிவிட்டேன். மதுரையிலும் ஒரு பாட்டு உண்டு. கூடல் மகளிரின் ஆடலும் பாடலும் அரசன் உள்ளத்தைக் கவர்ந்துவிட்டன என்று கோப்பெருந்தேவி ஊடுகிறாள், தலைவலி என்று சொல்லி உள்ளே போகிறாள். அவளைத் தணிக்க அரசன் வேகமாகப் போகிற வழியில் பொற்கொல்லன் எதிர்ப்பட்டுக் குற்றம் சாட்டுகிறான். அந்த அவசரத்தில்தான் ‘கொன்று அச்சிலம்பு கொணர்க’ என்ற சொல் வருகிறது. புகாரில் ஒரு பாட்டு, ஓர் ஊடல், கோவலன் வீட்டைத் தேடிப் போனான். மதுரையில் ஒரு பாட்டு, ஓர் ஊடல், கோவலன் உயிர் போனது. ஒரு காட்சியை இன்னொரு காட்சிக்கு எதிரே கண்ணாடி மாதிரி நிறுத்துவதை இணைக்காட்சி என்று சொல்லலாம். இதை யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை, ஒரு ராத்திரி தானாகக் கண்ணில் பட்டது. அன்றைக்கு எழுந்து வராந்தாவில் இரண்டு நடை நடந்துவிட்டு வந்தேன்.


கரிசல்மேடு | செவ்வாய், காலை 9:00

இராப்பணி அக்கா, இதற்குப் பிறகு தற்செயல் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. கொல்லன் விஷயத்தில் ஐயா சொன்னதை ஏற்றுக்கொள்கிறேன். நீலி விஷயத்தில் என் கருத்து மாறவில்லை.

பின்னோக்கு உத்தி பற்றி ஒன்று சேர்க்கிறேன். கடந்த காலத்தைக் கதையில் சொல்வது எளிது, எங்கே சொல்வது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. கோவலன் நல்லவன் என்பதற்கான செய்திகள் எங்கே வருகின்றன? மதயானையின் பிடியிலிருந்து முதியவர் ஒருவரை மீட்டது, கீரிப்பிள்ளையைக் கொன்ற பெண்ணைக் கணவனோடு சேர்த்து வைத்தது, எல்லாம் மாடலன் என்ற மறையவன் வாயால் பதினைந்தாம் காதையில் வருகின்றன. ‘கருணை மறவ’, ‘செல்லாச் செல்வ’, ‘இல்லோர் செம்மல்’ என்று அழைக்கிறான். அதுவரை நமக்கு அவன் மனைவியை விட்டுப் போனவன், சொத்தை அழித்தவன். அடுத்த காதையில் வெட்டுப்படப் போகிறான். அந்த ஒரு காதை முன்னால் அவனுடைய நல்லதை எல்லாம் நம் கையில் கொடுத்துவிடுகிறார். இதை முதல் காதையில் சொல்லியிருந்தால் பதினாறாம் காதைக்கு வருவதற்குள் மறந்திருப்போம்.


மல்லிப்பந்தல் | செவ்வாய், மாலை 6:45

எனக்கு இன்னும் புரியாதது பார்வைக் கோணம் மட்டும்தான். மகள் ‘நான்’ என்று சொல்கிறாள் என்றேன் அல்லவா. ஓரிடத்தில் ‘இனி அவர் கால் பட்ட இடம் எதுவும் இல்லை என்று அம்மா மனதுக்குள் நினைத்துக்கொண்டாள்’ என்று எழுதியிருக்கிறேன். உடைகிறது என்றது இதைத்தானா?


அச்சுக்கோப்பு | செவ்வாய், இரவு 8:05

அதேதான். மகள் அம்மாவின் முகத்தைப் பார்க்கலாம், கையைப் பார்க்கலாம், மூச்சைக் கேட்கலாம். மனதுக்குள் போக முடியாது. போனால் அந்த நிமிடம் வாசகர் ‘இது இவளுக்கு எப்படித் தெரியும்?’ என்று கதையை விட்டு வெளியே வந்துவிடுவார். எல்லோர் மனத்துக்குள்ளும் போகிற கதைசொல்லியும் உண்டு, படர்க்கையில் எல்லாம் அறிந்தவராகச் சொல்வது. இளங்கோ பெரும்பாலும் அப்படித்தான். ஆனால் ஒரு கதை எதைத் தேர்ந்துகொண்டதோ அதற்குக் காரணமில்லாமல் மாறக் கூடாது.

மனத்துக்குள் போக வழியிருந்தும் அவர் போகாமல் நிற்கிற இடம் ஒன்று சொல்கிறேன். துன்பமாலை என்ற காதை. கொலை நடந்துவிட்டது, நமக்குத் தெரியும். ஆயர்சேரியில் கண்ணகிக்குத் தெரியாது. ஊருக்குள் பேச்சைக் கேட்டு ஒருத்தி ஓடி வருகிறாள். வந்தவள் என்ன செய்கிறாள்?

‘அவள்தான், சொல்லாடாள் சொல்லாடா நின்றாள்.’

பேசவில்லை, பேசாமல் நின்றாள். அவள் துயரப்பட்டாள், தயங்கினாள், எப்படிச் சொல்வதென்று தவித்தாள் என்று எதுவும் இல்லை. அவள் நிற்பதைக் கண்ணகி பார்க்கிறாள், கண்ணகியோடு சேர்ந்து நாமும் பார்க்கிறோம். ‘சொல்லாடா’ என்று அந்தச் சொல்லே தயங்கித் திரும்பி வருகிறது, வாய்விட்டுப் படித்துப் பாருங்கள். சொல்லுவதை விட்டுக் காட்டு என்று பட்டறைகளில் சொல்வார்களே, அதற்கு இதைவிடச் சின்ன எடுத்துக்காட்டு எனக்குத் தெரியாது.

உங்கள் அம்மா மெஷினை விற்கும்போது என்ன செய்தாள் என்று மகள் பார்த்ததை மட்டும் எழுதுங்கள்.


வாவிக்கரை | செவ்வாய், இரவு 9:30

செய்கிற வேலையைக் கவனியுங்கோ, தங்கச்சி. எங்கட அம்மம்மாவின் துக்கத்தை நான் அறிந்தது தலையில் நின்றுபோன கையால்தான்.


மல்லிப்பந்தல் | வியாழன், இரவு 10:20

இரண்டு நாள் உட்கார்ந்து எழுதினேன். முன்னால் எப்படி இருந்தது என்பதையும் போடுகிறேன்.

பழையது: ‘விலை பேசி முடித்ததும் அம்மாவின் நெஞ்சு கனத்தது. இனி அவர் கால் பட்ட இடம் எதுவும் இல்லை என்று மனதுக்குள் நினைத்துக்கொண்டாள். அந்தத் தையல் மெஷின் அப்பாவின் நினைவுகளின் குறியீடாக வாசலில் நின்றது.’

புதியது: ‘விலை பேசி முடித்ததும் அம்மா உள்ளே போய் எண்ணெய்க் குப்பியை எடுத்து வந்தாள். தலைப்பகுதியைச் சாய்த்து, அப்பா ஊற்றுகிற துளைகளில் ஒவ்வொரு சொட்டாக ஊற்றினாள். சக்கரத்தைக் கையால் இரண்டு சுற்றுச் சுற்றி, வழிந்ததை முந்தானையால் துடைத்தாள். “ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை ஊத்தணும்” என்று வாங்க வந்தவரிடம் சொன்னாள். அவர் தலையாட்டினார். “மறந்தா மிதி இறுகிரும்” என்றாள். அவர் மறுபடி தலையாட்டினார். நான் குப்பியைக் கேட்டேன். அம்மா கொடுக்கவில்லை.’

முன்னுணர்த்தலுக்காக இரண்டாம் பக்கத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காட்சி வைத்தேன். யாரும் தைக்காத மெஷினுக்கு அம்மா எண்ணெய் போடுகிறாள், மகள் பார்த்துக்கொண்டு நிற்கிறாள். கீழே ‘அப்பா போன பிறகும் அம்மா ஒரு வாரமும் தவறவில்லை’ என்று ஒரு வரி.


தாழைமடல் | வெள்ளி, காலை 6:10

அம்மா, ‘அம்மா கொடுக்கவில்லை’ என்ற இடத்தில் நான் படிப்பதை நிறுத்திவிட்டேன். சற்று நேரம் கழித்துத்தான் திரும்ப எடுத்தேன்.

ஒரே ஒரு திருத்தம். இரண்டாம் பக்கத்தில் ‘ஒரு வாரமும் தவறவில்லை’ என்ற வரி வேண்டாம். மகளும் அங்கே வேலையில்லாமல் நின்று பார்ப்பதால், ‘இதைக் கவனியுங்கள்’ என்று நீங்கள் விரல் நீட்டுவது தெரிகிறது. அந்திமாலைக் காதையில் சிலம்பு எப்படி வந்தது என்று பாருங்கள். மேகலை இல்லை, குங்குமம் இல்லை என்று பல ‘இல்லை’களுக்கு நடுவில் அதுவும் ஓர் ‘இல்லை’. அந்த எண்ணெயையும் வேறு ஏதாவது வீட்டு வேலைக்கு நடுவில் வையுங்கள்.


மல்லிப்பந்தல் | வெள்ளி, இரவு 9:50

மாற்றிவிட்டேன் ஐயா. இப்போது அம்மா எண்ணெய் போட்டுக்கொண்டே பால் கணக்குக் கேட்கிறாள், மகள் காலண்டரைப் பார்த்து நாள் எண்ணிச் சொல்கிறாள். இரண்டு நாள் பால் வரவில்லை என்று அம்மா கழிக்கச் சொல்கிறாள். எண்ணெயைப் பற்றி யாரும் பேசவில்லை.